தடம் பதிந்தால் வரி மறையும்

குவாண்டம் உலகைப் பற்றி யூடியூபில் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘எலக்ட்ரானைப் பார்த்தால் அது துகள், பார்க்காவிட்டால் அலை.’ சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துவார்கள். அடுத்த வாக்கியத்தில் மனம் வந்துவிடும். அதற்கடுத்ததில் பிரபஞ்ச உணர்வு. கொஞ்சம் தாராளமானவர் என்றால் உபநிடதமும் வந்து சேரும். உபநிடதத்துக்கு இந்த வக்காலத்து தேவையில்லை. இயற்பியலுக்கு இது பொருந்தவும் இல்லை. அலைக்குரிய அடையாளம் மறைந்துபோவதற்குக் கண்ணும் காரணமல்ல, மனமும் காரணமல்ல. அது 1998-லேயே ஆய்வகத்தில் தெரிந்துபோன சங்கதி. காரணத்துக்கு இயற்பியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் பின்னல்.

பிளஸ் டூ இயற்பியலில் இரட்டைப் பிளவு ஆய்வு வரும். நெருக்கமான இரண்டு மெல்லிய பிளவுகள் வழியாக ஒளியை விட்டால், எதிரே உள்ள திரையில் வெளிச்சமும் இருளுமாக வரிகள் விழும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங் இதைக் காட்டியது, ஒளி அலைதான் என்பதற்கு வலுவான சான்றாயிற்று. ஒளியை மங்கலாக்கிக்கொண்டே போனால்தான் வில்லங்கம். கேம்பிரிட்ஜில் ஜி.ஐ. டெய்லர் 1909-இல் ஊசியொன்றின் நிழலை மிக மங்கலான ஒளியில் படமெடுத்தார். ஒரு படத்துக்கு ஏறத்தாழ மூன்று மாதம் பிடித்தது. அவ்வளவு குறைந்த ஒளியிலும் வரிகள் கலையவில்லை. 1989-இல் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனத்தில் அகிரா டோனோமுராவும் குழுவினரும் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். திரையில் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி. முதலில் ஒழுங்கே இல்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு அதே வரிகள். ஒன்றுக்கொன்று துணையில்லாமல், தனித்தனியாக வந்த எலக்ட்ரான்கள் போட்ட வரிகள் அவை.

எலக்ட்ரான் எந்தப் பிளவு வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க ஏற்பாடு செய்தால் வரிகள் போய்விடும். வரிகள் வேண்டுமென்றால் அந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டும். 1927 செப்டம்பரில் இத்தாலியின் கோமோ நகரில் வோல்ட்டாவின் நினைவு நூற்றாண்டு மாநாடு நடந்தது. அங்கே நீல்ஸ் போர் இந்த இக்கட்டையே ஒரு கொள்கையாக்கி, நிரப்புத்தன்மை என்று பெயரிட்டார். பாதையும் வரியும் ஒன்றையொன்று நிரப்புபவை. முழுச் சித்திரத்துக்கு இரண்டும் வேண்டும். ஆனால் எந்த ஒரு கருவியும் இரண்டையும் சேர்த்துத் தராது என்றார். கேட்டவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்தது என்பது வேறு விஷயம். போரின் உரைநடை அப்படி. ஒவ்வொரு சொல்லையும் காப்பாற்றப் போய் வாக்கியத்தைத் தொலைப்பவர்.

அடுத்த மாதம் பிரஸ்ஸல்ஸில் சோல்வே மாநாடு. ஐன்ஸ்டைன் சும்மா இருக்கவில்லை. பிளவுள்ள தகட்டை அசையும்படி தொங்கவிடுங்கள். துகள் அதில் திசைமாறும்போது தகடு எதிர்ப்பக்கம் கொஞ்சம் பின்வாங்கும். எந்தப் பக்கம் பின்வாங்கியது என்று பார்த்தால் பாதை தெரிந்துவிடும், வரியும் கெடாது என்று ஒரு கற்பனைச் சோதனையை வைத்தார். போரின் பதில்: அவ்வளவு சிறிய பின்வாங்கலை அளக்க வேண்டுமென்றால் தகட்டின் உந்தம் துல்லியமாகத் தெரிய வேண்டும், அப்படியானால் ஹெய்சன்பர்க்கின் நிச்சயமின்மைத் தத்துவப்படி தகடு இருக்கும் இடம் தெளிவிழக்கும், இடம் தெளிவிழந்தால் வரி தேய்ந்துவிடும். இந்த விவாதத்தை 1949-இல் நினைவுகூர்ந்து எழுதியபோது சுருள்வில், திருகாணி உட்பட அந்தக் கருவியைப் படம் வரைந்தே காட்டினார் போர்.

இந்தப் பதிலிலிருந்துதான் பாடப்புத்தகங்களுக்கு ஒரு பழக்கம் தொற்றியது. துகளைப் பார்க்க ஒளி வேண்டும், ஒளி பட்டால் துகள் இடிபடும், இடிபட்டதால் வரி கலையும். ஃபெய்ன்மன் தமது புகழ்பெற்ற விரிவுரைகளில் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். கேட்கத் தெளிவாக இருக்கிறது, மாணவர்களும் தலையசைப்பார்கள். ஆனால் இதை நம்பினால் ஒரு சந்தேகம் மிஞ்சும். இடிக்காமல், அலுங்காமல், நலுங்காமல் பாதையைக் குறித்துக்கொண்டால் என்ன ஆகும்?

கான்ஸ்டன்ஸில் ஒரு சோதனை

1991-இல் மார்லன் ஸ்கல்லி, பெர்டோல்டு கியோர்க் எங்லர்ட், ஹெர்பெர்ட் வால்ட்டர் மூவரும் ‘நேச்சர்’ இதழில் இதே கேள்வியை எழுப்பினார்கள். அணுவின் ஓட்டத்தைத் தொடாமல் அதன் உள்நிலையை மட்டும் மாற்றிப் பாதையைக் குறிக்கலாம்; அப்போதும் வரி மறையும்; அதற்கு நிச்சயமின்மைத் தத்துவம் பொறுப்பல்ல என்றார்கள். நியூசிலாந்திலிருந்து எதிர்ப்பு வந்தது. பிப்பா ஸ்டோரியும் டான் வால்ஸ் உள்ளிட்ட சகாக்களும் 1994-இல் அதே இதழில், இடி இல்லாமல் வரி போகாது, இடி எங்கோ ஒளிந்திருக்கிறது என்று வாதிட்டார்கள். சில ஆண்டுகள் இரு தரப்பும் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்தன.

வழக்கு ஆய்வகத்துக்குப் போனது ஜெர்மனியில். கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷ்டெஃபான் டூர், தோமஸ் நோன், கெர்ஹார்டு ரெம்பே ஆகியோர் குளிர்வித்த ரூபிடியம் அணுக்களைக் கீழே விழவிட்டார்கள். வழியில் லேசர் ஒளியாலான நிலை அலை ஒன்று. அது ஒவ்வோர் அணுவின் பயணத்தையும் இரண்டு பாதைகளாகப் பிரித்தது. சற்றுத் தள்ளி இரண்டாவது நிலை அலை அவற்றை மறுபடி பிரித்துச் சேர்த்தது. முடிவில் அழகான வரிகள் கிடைத்தன. இதுவரை புதிதாக ஒன்றுமில்லை.

பிறகு மைக்ரோ அலைத் துடிப்புகளைச் சேர்த்தார்கள். ரூபிடியம் அணுவுக்குள் மிக நெருக்கமான இரண்டு ஆற்றல் நிலைகள் உண்டு. ஒரு பாதையில் போனால் அணு ஒரு நிலையிலும், மறு பாதையில் போனால் மற்ற நிலையிலும் இருக்கும்படி துடிப்புகளை அமைத்தார்கள். அவ்வளவுதான். அந்தக் குறிப்பை யாரும் படித்துப் பார்க்கவில்லை. படிக்கக்கூடிய நிலையில் இருந்ததே போதும். வரிகள் அடியோடு மறைந்தன.

மைக்ரோ அலை கொடுத்த இடியால் இருக்குமோ என்றால், அதற்கும் கணக்கு இருக்கிறது. வரிகளைக் கலைக்கத் தேவையான உந்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மைக்ரோ அலையால் கொடுக்க முடியும். ‘நேச்சர்’ 1998 செப்டம்பரில் வெளியிட்ட முடிவு இது. இடித்துத்தான் வரி கெடுகிறது என்ற விளக்கம் இங்கே செல்லாது.

பின் நடந்தது என்ன? துடிப்புக்கு முன்பு அணு ‘இடப் பாதை’, ‘வலப் பாதை’ என்ற இரு வாய்ப்புகளின் கலவையாக இருந்தது. அந்த இரண்டும் ஒன்றோடொன்று குறுக்கிட்டதால்தான் வரி வந்தது. துடிப்புக்குப் பிறகு ‘இடப் பாதையோடு கீழ்நிலை’, ‘வலப் பாதையோடு மேல்நிலை’ என்ற இரண்டின் கலவை ஆகிவிட்டது. பாதையும் உள்நிலையும் இப்போது பிரித்துச் சொல்ல முடியாதபடி பின்னிக்கொண்டன. இட வாய்ப்பு ஒரு குறிப்போடும் வல வாய்ப்பு வேறொரு குறிப்போடும் வந்து சேர்வதால், திரையில் அவை குறுக்கிட வழியில்லை. அலைத்தன்மை அழிந்துவிடவில்லை, பாதையை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அது அகப்படாது.

அதை மீட்கவும் முடியும். உள்நிலையைப் பார்த்து ‘கீழா, மேலா’ என்று கேட்டால் பாதை தெரியும். அதே உள்நிலையிடம் வேறொரு கேள்வி கேட்கலாம்: இரண்டும் கலந்த ‘கூட்டல்’ நிலையில் இருக்கிறாயா, ‘கழித்தல்’ நிலையில் இருக்கிறாயா? இந்தப் பதிலில் பாதைக்கான துப்பு ஒன்றும் இராது. ‘கூட்டல்’ என்று பதில் வந்த அணுக்களை மட்டும் பொறுக்கினால் வரிகள் வரும். ‘கழித்தல்’ அணுக்களிலும் வரிகள் வரும். ஆனால் முன்னதில் வெளிச்சமான இடங்களில் எல்லாம் இதில் இருள். இரண்டையும் கூட்டினால் வரியே இல்லாத வெறும் திரை. குவாண்டம் அழிப்பான் என்று இதைச் சொல்வார்கள். 1982-இல் ஸ்கல்லியும் காய் ட்ரூலும் முன்வைத்த யோசனை.

இதை வைத்து நடந்திருக்கும் ஊதிப்பெருக்கல் கொஞ்சமல்ல. 1999-இல் யூன்ஹோ கிம்மும் யான்ஹுவா ஷியும் பிறரும் இரட்டை ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) வைத்து அழிப்பானைச் செய்து காட்டினார்கள். திரையில் விழுந்த ஃபோட்டானுக்கு ஏறத்தாழ 8 நானோ நொடி கழித்தே அதன் ஜோடி, பாதையைச் சொல்லும் கருவிக்கோ பாதையை அழிக்கும் கருவிக்கோ போய்ச் சேர்ந்தது. உடனே ‘எதிர்காலம் கடந்த காலத்தை மாற்றுகிறது’ என்று கிளம்பிவிட்டார்கள். எதையும் மாற்றவில்லை. திரையில் விழுந்த மொத்தப் புள்ளிகள் எப்போதும் வரியில்லாமல்தான் இருந்தன. ஜோடியிடம் என்ன கேட்டாலும் அந்தத் திரை மாறாது. பின்னால் வந்த பதில்களை வைத்து அதே புள்ளிகளை எப்படி வகை பிரிக்கிறோம் என்பதில்தான் வரி தெரிவதும் தெரியாததும். ஜோடியின் பதில் கையில் இல்லாதவருக்கு அழிப்பு நடந்ததா இல்லையா என்பதே தெரியாது. ஆகவே ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பும் ஆசையையும் இங்கேயே விட்டுவிடலாம்.

அரைகுறைப் பாதை, அரைகுறை வரி

போர் சொன்னதைக் கறுப்பு வெள்ளையாக எடுத்துக்கொண்டவர்கள் கவனிக்க வேண்டிய சமன்பாடு ஒன்று உண்டு. வரிகளின் தெளிவை 0 முதல் 1 வரை அளக்கலாம். பாதையை எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பதையும் அப்படியே அளக்கலாம். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் 1-ஐத் தாண்டாது என்று எங்லர்ட் 1996-இல் நிறுவினார். வுட்டர்ஸும் ஸூரெக்கும் 1979-லேயே, அரைகுறையாகப் பாதை அறிந்தால் அரைகுறையாக வரி மிஞ்சும் என்று காட்டியிருந்தார்கள். எண்களைப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வரிகளின் தெளிவு 0.6 இருக்கும்போதே பாதையறிவு 0.8 வரை போகலாம். 0.8 என்றால், பத்தில் ஒன்பது முறை பாதையைச் சரியாகச் சொல்லிவிடலாம். அலையா துகளா என்று கட்சி பிரிக்கிறவர்களுக்கு இது சங்கடமான கணக்கு.

இதைவிட ஆழமானது, மத்தியாஸ் யாக்கோபும் யானோஷ் பெர்கோவும் 2003-இல் எழுதிய கட்டுரை. ஒவ்வொன்றுக்கும் இரு நிலைகள் மட்டுமே உள்ள ஒரு துகள் ஜோடியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு துகளின் வரித்தெளிவு, முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய பாதையறிவு, அந்தத் துகள் தன் ஜோடியோடு கொண்டிருக்கும் பின்னலின் அளவு. இம்மூன்றின் வர்க்கங்களும் சேர்ந்து சரியாக 1. போரின் தராசில் இரண்டு தட்டுதான் இருந்தது; மூன்றாவதை அவர் வைக்கவில்லை. ஒரு துகள் தன் ஜோடியோடு முழுமையாகப் பின்னியிருந்தால், அதற்கென்று தனியாகப் பாதையும் இல்லை, வரியும் இல்லை. குறிப்பைப் படித்துக் கிடைக்கும் பாதையறிவு என்பதே, முன்கூட்டிய ஊகமும் பின்னலும் சேர்ந்ததுதான். ஆக, நிரப்புத்தன்மையும் பின்னலும் இரண்டு தனித் தனிப் புதிர்கள் என்று பாடம் நடத்துவது நமது வசதிக்காக. இயற்கையில் அப்படி ஒரு வேலி இல்லை.

ஐன்ஸ்டைனின் இரண்டாவது வழக்கு

இந்த வேலி ஏன் வந்தது என்பதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் பிளவை வைத்து வாதாடிய ஐன்ஸ்டைன், எட்டு ஆண்டுகள் கழித்து பிரின்ஸ்டனிலிருந்து வேறு வழக்கோடு வந்தார். போரிஸ் பொடோல்ஸ்கி, நேதன் ரோசன் இருவரோடும் சேர்ந்து 1935 மே மாதம் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ இதழில் எழுதிய நான்கு பக்கக் கட்டுரை அது. இதழ் வருவதற்கு முன்பே பொடோல்ஸ்கி ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழிடம் விஷயத்தைச் சொல்லிவிட, ஐன்ஸ்டைன் எரிச்சலடைந்து அதே நாளிதழில் கண்டனம் தெரிவித்தார்.

வாதம் இதுதான். ஒன்றாக இருந்து பிரிந்த இரண்டு துகள்கள். ஒன்றின் இடத்தை அளந்தால் தொலைவில் உள்ள மற்றதன் இடம் உறுதியாகத் தெரியும். உந்தத்தை அளந்தால் மற்றதன் உந்தம் தெரியும். தொலைவில் உள்ளதை யாரும் தொடவே இல்லை. அப்படியானால் அதனிடம் இரண்டு விடைகளும் ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும்; குவாண்டம் கோட்பாடுதான் அரைகுறை. போர் அதே தலைப்பில், அதே இதழில் பதில் எழுதினார். பதிலின் சாரம் நிரப்புத்தன்மைதான்: இடத்தை அளக்கும் ஏற்பாடும் உந்தத்தை அளக்கும் ஏற்பாடும் சேர்ந்து நடக்க முடியாதவை, நடக்காத அளவையின் விடையைச் சொத்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதே ஆண்டு ஷ்ரோடிங்கர் இந்த உறவுக்குப் பின்னல் என்ற பெயரைச் சூட்டினார். மூன்று பேரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் அதைத் தத்துவச் சண்டை என்று ஒதுக்கிவிட்டு அணுக்கருவைப் பிளக்கப் போய்விட்டார்கள்.

பெல்ஃபாஸ்டில் பிறந்து ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் பெல், 1964-இல் இந்தச் சண்டையைச் சோதித்துப் பார்க்கும் வழியைக் கண்டார். வியன்னாவைச் சேர்ந்த அவருடைய சகா ரைன்ஹோல்டு பெர்ட்ல்மன் இரண்டு கால்களிலும் வேறு வேறு நிறக் காலுறை அணிகிறவர். ஒரு காலில் இளஞ்சிவப்பைப் பார்த்ததும் மறுகால் இளஞ்சிவப்பு அல்ல என்று தெரிந்துவிடும். இதில் மாயம் எதுவும் இல்லை. காலையில் அணிந்தபோதே முடிவான விஷயம். ஐன்ஸ்டைன் சொல்லும் துகள்களும் இப்படித்தானா என்று 1981-இல் ஒரு கட்டுரையில் கேட்டார் பெல். பதில்: ஒவ்வொரு துகளிடமும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் காலுறை விளக்கமே போதும். ஒவ்வொரு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு கேள்விகளில் ஏதோ ஒன்றைத் தேர்ந்து கேட்கும்போதுதான் காலுறை கிழிகிறது.

இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒத்துவராத கேள்விகள் என்பது போரின் நிரப்புத்தன்மையேதான். அது இல்லாவிட்டால் பின்னலைக் காலுறையிலிருந்து பிரித்துக் காட்டவே முடியாது. பாதை பதிந்து வரி மறைவதற்குப் பின்னல் வேண்டும். பின்னல் வெளிப்படுவதற்கு நிரப்புத்தன்மை வேண்டும்.

கிளாசர், ஹோர்ன், ஷிமோனி, ஹோல்ட் நால்வரும் 1969-இல் எழுதிய வடிவத்தில், விடைகள் முன்பே எழுதப்பட்டிருந்தால் ஒரு குறிப்பிட்ட கூட்டுத்தொகை 2-ஐத் தாண்டக் கூடாது. குவாண்டம் கணக்கு 2.83 வரை அனுமதிக்கிறது. 1972-இல் பெர்க்லியில் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மனும் ஜான் கிளாசரும், 1980-களின் தொடக்கத்தில் பாரிஸ் அருகே ஓர்சேயில் அலெய்ன் அஸ்பேயும் சோதித்தார்கள். இருமுறையும் குவாண்டம் கட்சிதான் வென்றது. இருந்தும் சோதனைகளில் ஓட்டைகள் மிச்சமிருந்தன. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வைரங்களில் இருந்த எலக்ட்ரான்களைப் பின்னி, 245 முறை சோதித்து, 2.42 என்ற மதிப்பைப் பெற்று, முக்கியமான ஓட்டைகளை ஒருசேர அடைத்தது 2015-இல் தான். பெல் அதைப் பார்க்கவில்லை, 1990-லேயே இறந்துவிட்டார். அஸ்பே, கிளாசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது.

யாரும் பார்க்காத ஆய்வகம்

சைலிங்கரின் வியன்னா குழுவின் இன்னொரு சோதனையைப் பலர் கவனிப்பதில்லை. எழுபது கரியணுக்கள் கொண்ட பெரிய மூலக்கூறுகளிலும் வரி கிடைக்கும். 2004-இல் அந்த மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கி அனுப்பினார்கள். சூடான பொருள் ஒளி உமிழும் அல்லவா? மூலக்கூறு தன் வழியில் உமிழ்ந்த ஃபோட்டான், அது எங்கே இருந்தது என்ற துப்பைச் சுமந்துகொண்டு வெற்றிடக் கலத்தின் சுவரில் போய் முட்டி மறைந்தது. யாரும் அந்த ஃபோட்டானைப் பிடிக்கவில்லை, பார்க்கவில்லை. சூடு ஏற ஏற வரி மங்கிப் போனது. கவனிப்பவரின் மனம்தான் காரணம் என்பவர்கள் அந்தக் கலத்தின் சுவருக்கு மனம் உண்டு என்று சொல்லியாக வேண்டும்.

நாற்காலியும் மாம்பழமும் வரி காட்டாததற்கும் இதே காரணம். காற்றின் மூலக்கூறுகளும் அறையின் ஒளியும் அவை இருக்கும் இடத்தை நொடிதோறும் கோடிக்கணக்கில் குறித்துக்கொண்டே போகின்றன.

ஐன்ஸ்டைனின் அசையும் பிளவும் கற்பனையாகவே நின்றுவிடவில்லை. 2025-இல் எம்ஐடி-யில் வுல்ஃப்காங் கெட்டர்லேயின் குழு, லேசர் ஒளியால் வரிசையாகப் பிடித்துவைத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குளிர்ந்த அணுக்களில், ஒவ்வோர் அணுவையும் ஒரு பிளவாகப் பயன்படுத்தியது. அணுவை இறுக்கிப் பிடித்தால் அதன் இடம் தெளிவாகும். ஒளி பட்டாலும் அசைவின் தடம் பதியாது. வரி தெளிவாக வரும். தளர்த்திப் பிடித்தால் தடம் பதியும், வரி மங்கும். பிறகு பிடியையே அணைத்துவிட்டு, அணுக்கள் அந்தரத்தில் மிதக்கும்போது சோதித்தார்கள். முடிவு மாறவில்லை. போர் அக்கறையாக வரைந்த சுருள்வில்லுக்கு இதில் வேலையே இல்லை. ஒளியும் அணுவும் எவ்வளவு பின்னிக்கொண்டன என்பதுதான் கணக்கு. வழக்கில் போர் வென்றார், ஆனால் அவர் சொன்ன காரணத்தைவிட நல்ல காரணத்தால்.

நிரப்புத்தன்மைக்கும் பின்னலுக்கும் சந்தை மதிப்பும் வந்துவிட்டது. சார்லஸ் பென்னட்டும் ஜீல் பிரஸார்டும் 1984-இல் கண்ட ரகசியச் சாவி முறை, ஃபோட்டானின் தளவிளைவில் ஒத்துவராத இரண்டு கேள்விகளை வைத்து இயங்குகிறது. நடுவில் ஒட்டுக்கேட்பவர் ஒவ்வொரு ஃபோட்டானையும் பிடித்து அளந்து மறுபடி அனுப்பினால், நான்கில் ஒரு பங்கு பதில்கள் பிழையாகி அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆர்தர் எக்கர்ட் 1991-இல் அதே வேலையைப் பின்னலையும் பெல்லின் கணக்கையும் வைத்துச் செய்யலாம் என்று காட்டினார். மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கத்தின் நான்கு மையங்களில், தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடி-யில், தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் துணையோடு அமைகிறது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று பொருளல்ல. வரி ஏன் மறைகிறது என்று பின்னல் சொல்லிவிடும். இந்த ஓர் எலக்ட்ரான் திரையில் ஏன் இந்த இடத்தில் விழுந்தது, பக்கத்தில் ஏன் விழவில்லை என்று அது சொல்லாது. அந்தக் கேள்வியில் இயற்பியலாளர்கள் இன்னும் பல கட்சிகளாகத்தான் இருக்கிறார்கள்.

நம் கல்லூரிகளில் இயற்பியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு லேசர் பாயிண்டர், ஒரு மெல்லிய கம்பி, மூன்று போலராய்டு துண்டுகள் போதும். கம்பியின் இடப்பக்கம் செங்குத்தாகவும் வலப்பக்கம் கிடையாகவும் போலராய்டை ஒட்டுங்கள். இருபக்கமும் ஒரே அளவு வெளிச்சம் போகும்படி லேசரைச் சுழற்றி வையுங்கள். சுவரில் வரிகள் இராது. இப்போது மூன்றாவது துண்டை 45 பாகையில் திரைக்கு முன்னால் பிடியுங்கள், வரிகள் வரும்; எதிர்ப்பக்கம் 45 பாகைக்குத் திருப்பினால் இருளும் வெளிச்சமும் இடம் மாறும். லேசர் கற்றையில் இதைப் பழைய அலைக் கொள்கையாலும் விளக்கிவிடலாம்; ஒற்றை ஒற்றை ஃபோட்டானாக அனுப்பினாலும் இதுவேதான் நடக்கும் என்பதை அங்கே சொல்லிக்கொடுங்கள். ‘பார்த்தால் மாறும்’ என்று கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பு, இதை மாணவர்கள் தங்கள் கையால் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.